மருத்துவமனைச் சுவரில் என்ன மாட்டலாம்?

பின்லாந்தின் தென்மேற்கில் பைமியோ என்று ஓர் ஊர். அங்கே ஊசியிலைக் காட்டுக்கு நடுவே 1933-ல் ஒரு காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1929-ல் நடந்த போட்டியில் வென்று அதை வடிவமைத்தவர் அல்வார் ஆல்ட்டோ. கட்டடக்கலை படிப்பவர்கள் அதன் வெளித்தோற்றத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது நோயாளி அறையின் மேற்கூரைதான். காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1940களில். நல்ல காற்று, வெயில், ஓய்வு, இவ்வளவுதான் சிகிச்சை. ஆகவே நோயாளி மாதக்கணக்கில் மல்லாந்து படுத்திருப்பார். சாதாரண அறை நிற்பவருக்காகக் கட்டப்படுகிறது, நோயாளியின் அறை படுத்திருப்பவருக்காகக் கட்டப்பட வேண்டும் என்று ஆல்ட்டோ யோசித்தார். கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர்ந்த பச்சை பூசினார். படுத்திருப்பவரின் கண்ணில் நேராகப் படாத இடத்தில் விளக்கை வைத்தார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தூங்க வேண்டுமே என்று, தண்ணீர் சத்தமில்லாமல் விழும்படி கைகழுவும் தொட்டியின் சரிவை அமைத்தார். டாக்டரின் அங்கிக் கை மாட்டிக்கொள்ளாதபடி கதவுக் கைப்பிடியையும் வளைத்தார்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். படித்தது பொறியியல். ஓவியத்திலோ மருத்துவத்திலோ எனக்குப் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஆல்ட்டோ செய்தது எங்கள் தொழிலில் தினமும் பேசப்படும் விஷயம். மென்பொருளுக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், அதோடு மல்லுக்கட்டுபவர் வேறொருவர். வாங்குகிற மேலாளருக்குப் பிடித்த மாதிரி செய்தால் விற்பனை நடக்கும், குமாஸ்தா அழுவார். மருத்துவமனைச் சுவரும் அப்படித்தான். அதில் என்ன மாட்டுவது என்று தீர்மானிப்பவர்கள் நிர்வாகிகள், நன்கொடையாளர்கள், கட்டடக் கலைஞர்கள். எல்லோரும் ஆரோக்கியமாக, நின்றுகொண்டு பார்ப்பவர்கள். கண்காட்சியில் பிடிக்காத ஓவியத்தைக் கடந்து போய்விடலாம். கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றிக்கொண்டிருப்பவரால் போக முடியாது. அங்கே கலை என்பது அலங்காரமா, சிகிச்சையின் ஒரு பகுதியா, அல்லது தொந்தரவா என்ற கேள்வி வெறும் ரசனை விவகாரமாக நிற்பதில்லை.

இந்தக் கேள்வியை எண்களால் அளக்கலாம் என்று காட்டியவர் ராஜர் உல்ரிக் என்ற அமெரிக்கர். அவர் டாக்டர் அல்ல, புவியியல் படித்தவர். சிறுவயதில் சிறுநீரக நோயால் நீண்ட நாட்கள் படுக்கையில் கிடந்ததையும், ஜன்னல் வழியே தெரிந்த ஒரு பைன் மரம் துணையாக இருந்ததையும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1984 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் அவருடைய கட்டுரை வெளியானது. மொத்தமே இரண்டு பக்கம்.

அவர் புதிதாகச் சோதனை எதுவும் நடத்தவில்லை. பென்சில்வேனியாவில் ஒரு 200 படுக்கை மருத்துவமனை. அதன் ஒரு பகுதியில் சில அறைகளின் ஜன்னல் வழியே மரங்கள் தெரியும். அதே வரிசையில் மற்ற அறைகளிலிருந்து பார்த்தால் பழுப்பு நிறச் செங்கல் சுவர் மட்டும் தெரியும். அறைகள் மற்றபடி ஒன்று போலவே இருந்தன, கவனித்துக்கொண்ட நர்ஸுகளும் அதே ஆட்கள்தான். 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை நீக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்தார். மரத்தில் இலை இருக்கும் மாதங்களில், அதாவது மே முதல் அக்டோபர் 20 வரை வந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டார். வயது, ஆண் பெண், புகைபிடிக்கும் பழக்கம், உடல் பருமன், எந்த மாடி, அறைச் சுவரின் நிறம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து 23 ஜோடிகளை அமைத்தார். ஜோடியில் ஒருவருக்கு மரம், மற்றவருக்குச் செங்கல். பதிவேட்டைப் படித்துக் கணக்கெடுத்த நர்ஸுக்கு, எந்த நோயாளி எதைப் பார்த்தார் என்பது சொல்லப்படவில்லை. பொறியியல்காரனுக்கு வாயூறும் ஏற்பாடு!

மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள், செங்கல் பார்த்தவர்கள் 8.70 நாளில். முக்கால் நாள்தானே என்று தோன்றும். ஆனால் நர்ஸுகள் எழுதி வைத்த குறிப்புகளில் இருக்கிறது கதை. அழுகிறார், மனம் சோர்ந்திருக்கிறார், நிறைய தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது என்கிற வகைக் குறிப்புகள் மரக்காரர்களுக்கு ஆளுக்கு 1.13, செங்கல்காரர்களுக்கு 3.96. அறுவைக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை செங்கல்காரர்கள் போதையூட்டும் வலுவான வலி மருந்துகளை அதிகம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மரக்காரர்கள் பெரும்பாலும் ஆஸ்பிரின் மாதிரி லேசான மாத்திரையோடு சமாளித்திருக்கிறார்கள்.

46 பேர், ஒரே மருத்துவமனை. மரம் நன்மை செய்ததா அல்லது செங்கல் கெடுதல் செய்ததா என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. உல்ரிக்குக்கும் இது தெரிந்திருந்தது. நீண்டகாலம் படுத்திருந்து சலித்துப் போனவருக்கு மரத்தைவிட ஆள் நடமாட்டமுள்ள தெருவே நல்லதாக இருக்கலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். பிற்பாடு அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி ஆளுயரச் செடித் தொட்டி விற்றவர்களில் எத்தனை பேர் அந்த வரி வரை படித்தார்களோ!

எல்லா அறைக்கும் ஜன்னலுக்கு வெளியே மரம் வைக்க முடியாது. மரத்தின் படம் போதுமா? ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில் இதயச் சிகிச்சை செய்துகொண்ட 160 பேரை வைத்து உல்ரிக்கும் சகாக்களும் 1993-ல் ஆராய்ந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு எதிரே சிலருக்கு மரமும் நீரும் உள்ள திறந்தவெளிப் படம், சிலருக்கு அடர்ந்த காட்டுப் படம், சிலருக்கு அரூப ஓவியம், சிலருக்கு வெறும் வெள்ளைப் பலகை, சிலருக்கு ஒன்றுமே இல்லை. நீர் தெரியும் திறந்தவெளிப் படம் வைத்தவர்களிடம் பதற்றம் குறைவாக இருந்தது. கோடும் கட்டமுமான அரூப ஓவியம் வைத்தவர்களிடம், படமே இல்லாதவர்களைவிடப் பதற்றம் அதிகம்! காசு கொடுத்து மாட்டியதைவிட மாட்டாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2011-ல் உபாலி நந்தாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதன் தொடர்ச்சி. அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவப் பிரிவின் பொது அறையில் மாற்றி மாற்றிப் படங்களை வைத்தார்கள். புல்வெளியும் மரங்களுமான புகைப்படம் சில நாட்கள், ஜாக்சன் போலக்கின் அரூப ஓவியம் சில நாட்கள், எதுவுமில்லாமல் சில நாட்கள் என்று. நோயாளிகளிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. படபடப்புக்காக 'தேவைப்பட்டால் கொடு' என்று டாக்டர் எழுதி வைத்திருக்கும் மருந்தை நர்ஸுகள் எத்தனை முறை கொடுத்தார்கள் என்று மட்டும் எண்ணினார்கள். புகைப்படம் இருந்த நாட்களில், அரூப ஓவியம் இருந்த நாட்களையும் வெறும் சுவர் இருந்த நாட்களையும்விட அது குறைந்திருந்தது.

மயக்கத்திலும் காய்ச்சலிலும் கிடப்பவர் தெளிவில்லாத வடிவத்தில் தன் பயத்தைத்தான் வரைந்துகொள்கிறார் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். சிறுவயதில் காய்ச்சலில் கிடந்தபோது ஓட்டுவீட்டுச் சுவரின் காரை பெயர்ந்த இடத்தில் மூஞ்சிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

உல்ரிக்கும் லாரா கில்பினும் சேர்ந்து 2003-ல் மருத்துவமனைகளுக்கு ஒரு வழிகாட்டி எழுதினார்கள். கில்பின் நர்ஸ், கவிஞரும்கூட. 1978-ல் ஆஞ்செலிகா தியேரியோ தொடங்கிய 'பிளேன்ட்ரீ' என்ற அமைப்பில் வேலை பார்த்தவர். (ஹிப்போகிரேட்டஸ் ஒரு பிளேன் மரத்தடியில் உட்கார்ந்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று காஸ் தீவில் சொல்வார்கள். அமைப்பின் பெயர் அதிலிருந்து வந்தது.) அலையடிக்காத நீர்நிலை, கண்ணுக்கெட்டும் தூரம் வரை திறந்த வெளி, பசுமையான கோடைக்கால மரங்கள், பூக்கள், அன்பான மனித முகங்கள் இவை வைக்கலாம் என்பது அவர்கள் பட்டியல். புயல், மேகமூட்டம், காய்ந்த செடிகொடி, அரூப வடிவங்கள் வேண்டாம்.

காய்ந்த செடிகொடி என்று படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்திருந்தபோது ஒருநாள் ஸ்கேனுக்காக மருத்துவமனையில் காத்திருந்தோம். எதிரே அக்டோபர் மாத மேப்பிள் காடு, ஒரு சுவர் முழுக்க, சிவப்பும் ஆரஞ்சுமாக. அழகான புகைப்படம். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பட்டுப்போன மரத்தையா போயி ஆஸ்பத்திரியில மாட்டி வப்பானுவொ?" என்றார். இதைப் பார்ப்பதற்காகவே ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு நூறு மைல் போவார்கள் என்று சொன்னேன். "எல உதிர்றத பாக்கவா?" என்று கேட்டுவிட்டு, ஸ்கேனுக்குக் கூப்பிடும்வரை வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நியூ இங்கிலாந்தில் பிறந்தவருக்கு அது ஆப்பிள் அறுவடையும் பள்ளித் திறப்பும். காவிரிப் பாசனக்காரருக்கு அது தண்ணீர் வராத வருடம். இயற்கைக் காட்சி எல்லோருக்கும் பொது என்பதை இதற்குப் பிறகு நான் பாதிதான் நம்புகிறேன்.

இன்னொரு உதாரணம் இந்த ஆய்வுகளையெல்லாம் தலைகீழாகப் புரட்டுகிறது. இன்று பிரான்சின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் ஈசன்ஹைம் பலிபீட ஓவியம், மத்தியாஸ் குரூனவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையில் வரைந்தது. அதை வரவழைத்தவர்கள் ஈசன்ஹைமில் மருத்துவமனை நடத்திய அந்தோனியார் சபைத் துறவிகள். அவர்களிடம் வந்தவர்களுக்கு 'அந்தோனியார் நெருப்பு' என்ற நோய். ரை தானியத்தில் பிடிக்கும் எர்காட் பூஞ்சை ரொட்டி வழியே உடம்பில் ஏறி ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கை கால் நெருப்பாய் எரியும், கறுத்து அழுகும், வெட்டியெடுக்க வேண்டிவரும். இப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோய் அந்த ஓவியத்தின் முன் நிறுத்தினார்கள். அதில் தோலெல்லாம் புண்ணாக, விரல்கள் முறுக்கிக்கொண்டு, பச்சை பாரித்துத் தொங்கும் ஏசு. இன்னொரு பலகையின் மூலையில் வயிறு வீங்கி உடம்பெல்லாம் கொப்புளமாக ஓர் உருவம். பலகைக் கதவுகளைத் திறக்கும்போது ஏசுவின் கை உடம்பிலிருந்து பிரிந்து போவதுபோல் தெரியும், கை வெட்டப்பட்டவர்களுக்காகவே அப்படி அமைத்திருக்கலாம் என்று சில கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

உல்ரிக்கின் பட்டியலில் இந்த ஓவியத்துக்கு இடமே கிடையாது. ஆனால் அது கொடுத்த ஆறுதல் வேறு வகை: நீ படுவதை இவரும் பட்டார். அந்த நோயாளிகளிடம் அதற்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை இல்லாதவர் முன் அதே படத்தை வைத்தால் சித்திரவதை. லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் படிக்கட்டுச் சுவரிலும் 1730களில் வில்லியம் ஹோகார்த் நோயாளிகளைத்தான் வரைந்தார், பைபிள் காட்சியின் சாக்கில். அந்த வேலை ஓர் இத்தாலிய ஓவியருக்குப் போகவிருந்தது தெரிந்து, காசே வாங்காமல் வரைந்து கொடுத்தார். அதில் யாருக்கு என்ன வியாதி என்று டாக்டர்கள் இன்றும் கண்டுபிடித்து விளையாடுகிறார்கள்.

நடைமுறை விஷயம் கொஞ்சம். மருத்துவமனைப் படத்தைக் கிருமிநாசினியால் துடைக்க முடிய வேண்டும், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடுவார்கள், சுவரோடு திருகி விடுவார்கள். மனநலப் பிரிவில் கயிறு மாட்ட வழியில்லாத சட்டம் வேண்டும். பச்சிளங் குழந்தைகள் பிரிவில் மஞ்சள் சுவர் கூடாது, மஞ்சள் காமாலை கண்ணுக்குப் பிடிபடாது.

என் போன்றவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும் உதாரணம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றியது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இந்தக் கருவிகளை வடிவமைத்தவர் டக் டீட்ஸ். தன் கருவி எப்படி ஓடுகிறது என்று பார்க்க மருத்துவமனைக்குப் போனவர், ஸ்கேனுக்கு வந்த ஒரு சிறுமி அறைவாசலிலேயே அழ ஆரம்பித்ததைப் பார்த்தார். பெரிய எந்திரம், இருட்டுக் குழாய், சம்மட்டியால் அடிப்பது போன்ற சத்தம். அசையாமல் படுக்க வேண்டும், அசைந்தால் படம் பாழ். அதனால் சின்னக் குழந்தைகளில் பலருக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் ஸ்கேன் எடுத்துவந்தார்கள். மயக்க மருந்துக்கு அதற்கான டாக்டர் வேண்டும், பட்டினி கிடக்க வேண்டும், அதற்கென்று ஆபத்தும் உண்டு.

டீட்ஸும் கூட்டாளிகளும் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் எந்திரத்தின் காந்தத்தையோ மின்னணுவியலையோ தொடவில்லை. எந்திரத்தின் மேலும் சுவரிலும் தரையிலும் படங்களை ஒட்டினார்கள். ஓர் அறை கடற்கொள்ளையர் கப்பல், குழாய்வாய் கப்பலின் சுக்கான் சக்கரம். அதோடு ஸ்கேன் எடுக்கும் பணியாளருக்குச் சொல்வதற்கு ஒரு கதையும் எழுதிக் கொடுத்தார்கள். விண்கலக் கதையில் அந்தச் சத்தம்தான் கலம் வேகமெடுக்கும் சத்தம். ஓடக் கதையில் ஆடாமல் படுத்திருக்க வேண்டும், ஆடினால் ஓடம் கவிழும். மயக்க மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்தது. ஸ்டிக்கரும் கதையும்! இதில் படத்துக்கு எவ்வளவு பங்கு, கதை சொன்ன ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. என் கணிப்பில் கதைக்குத்தான் அதிகம். மிரளும் பிள்ளைக்குச் சோறூட்டிய யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

2019-ல் உலக சுகாதார நிறுவனம் 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிக் கலைகளுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. எங்கெல்லாம் ஆய்வு நடந்திருக்கிறது என்று காட்டும் வரைபடம் அது, ஒவ்வொரு ஆய்வின் தரத்தையும் எடைபோடவில்லை. எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம்.

எந்த ஆய்விலும் வராத ஒரு கேள்வியை நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனை 1936-ல் சந்தித்தது. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் ஓவியர்களுக்கு வேலை கொடுக்க அரசு நடத்திய திட்டத்தின்கீழ் அந்த மருத்துவமனைக்குச் சுவரோவியங்கள் வரைய ஏற்பாடாயிற்று. பொறுப்பேற்றவர் சார்ல்ஸ் ஆல்ஸ்டன், கறுப்பினத்தவர். இரண்டு பலகைகள் அவருடையவை. ஒன்றில் ஆப்பிரிக்க மரபு வைத்தியம், மற்றொன்றில் நவீன மருத்துவம், கறுப்பின டாக்டர்களும் வெள்ளை டாக்டர்களும் ஒன்றாக வேலை செய்யும் காட்சி. வெர்ட்டிஸ் ஹேய்ஸ் ஆப்பிரிக்க கிராமத்திலிருந்து அமெரிக்க நகரம் வரை தன் மக்கள் வந்த பாதையை வரைந்தார். ஜார்ஜெட் சீப்ரூக் ஹார்லெம்வாசிகள் ஆடிப்பாடிப் பொழுதுபோக்குவதை வரைந்தார்.

மாதிரி வரைபடங்களைப் பார்த்த மருத்துவமனைக் கண்காணிப்பாளர் சிலவற்றை நிராகரித்தார். படங்களில் கறுப்பர்கள் அதிகம் இருக்கிறார்களாம். இருபத்தைந்து வருடத்தில் இந்தப் பகுதியில் கறுப்பர்கள் இல்லாமலே போகலாமாம். இங்கு வரும் கறுப்பர்களே ஆட்சேபிக்கலாமாம். நோயாளிகளில் பெரும்பாலோர் யார் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஓவியர்கள் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளுக்குப் போனார்கள், சங்கங்களைத் திரட்டினார்கள், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வரை எழுதினார்கள். கடைசியில் அனுமதி கிடைத்தது.

ஆல்ஸ்டனின் நவீன மருத்துவப் பலகையில் குழந்தையை ஏந்தி நிற்கும் நர்ஸுக்கு மாதிரியாக இருந்தவர் மைரா லோகன். நிஜத்தில் அவர் நர்ஸ் அல்ல, அதே மருத்துவமனையில் பயிற்சி டாக்டர். பிற்பாடு அறுவை நிபுணரானார், ஆல்ஸ்டனை மணந்துகொண்டார். வரவேற்பறையில் பயத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு கறுப்பினப் பெண்மணிக்கு, சுவரில் தன் இனத்து டாக்டர் தெரிவதும் ஏரிக்கரை தெரிவதும் ஒன்றல்ல. முதலாவது, இங்கே உன்னையும் மனுஷியாக நடத்துவார்கள் என்ற வாக்குறுதி. அது எவ்வளவு காப்பாற்றப்பட்டது என்பது தனிக்கதை. காலப்போக்கில் அந்த ஓவியங்கள் பாழாயின, சில வெள்ளைப்பூச்சின் கீழ் போயின. பின்னர் புதுப்பித்து 2012-ல் திறந்த தனி மண்டபத்தில் வைத்தார்கள். ஹேய்ஸின் ஓவியத்தைப் பல மாடி உயரத்துக்குப் பெரிதாக்கி, தெருவைப் பார்த்த கண்ணாடி முகப்பில் பதித்திருக்கிறார்கள். இரவில் விளக்குப் போட்டால் லெனக்ஸ் அவென்யூவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

அப்படியானால் யார் தேர்ந்தெடுப்பது? நோயாளியையே கேட்டுவிடுவது என்பது மிகவும் பழைய, மலிவான யோசனை. இங்கிலாந்தில் ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர் 1938-ல் காசநோயால் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் படுத்திருந்தபோது படுக்கையில் இருந்தே வரைந்து, மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். 'ஆர்ட் தெரபி' என்ற சொல்லே அவர் உண்டாக்கியதுதான். செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து, நூலகத்தில் புத்தகம் தருவதுபோல் வார்டுகளுக்குப் படங்களை இரவல் கொடுக்கும் திட்டத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. 1959-ல் ஷெரிடன் ரஸ்ஸல் லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் தொடங்கியதும் இந்த மாதிரிதான். அது வளர்ந்து நாடு முழுவதும் மருத்துவமனைகளுக்குப் படங்களை இரவல் தரும் 'பெயின்ட்டிங்ஸ் இன் ஹாஸ்பிட்டல்ஸ்' அமைப்பாயிற்று. ரஸ்ஸல் செல்லோ வாசிப்பவர். மருத்துவமனையில் அவர் பார்த்தது நோயாளிகளின் குடும்ப, பணக் கஷ்டங்களைக் கவனிக்கும் வேலை.

அமெரிக்காவில் ஆன் ஆர்பர் நகரத்து மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1980களில் தொடங்கிய கலைத்திட்டம் ஒன்றில் தள்ளுவண்டி வந்தது. சட்டமிட்ட படங்களை அதில் அடுக்கித் தன்னார்வலர்கள் அறை அறையாகத் தள்ளிப் போவார்கள். சாப்பாட்டு வண்டி, மருந்து வண்டி மாதிரி இது ஒரு வண்டி. நோயாளி படுக்கையில் இருந்தபடியே ஒவ்வொன்றாகப் பார்த்து, தனக்குப் பிடித்ததைக் காட்டினால் எதிர்ச் சுவரில் மாட்டிக் கொடுப்பார்கள். காசு கிடையாது. மருத்துவமனையில் என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது, எந்தக் கையில் ஊசி என்று எல்லாவற்றையும் வேறு யாரோ தீர்மானிக்கும்போது இந்த ஒன்றை மட்டும் அவர் தீர்மானிக்கிறார். கடற்கரையோ, கட்டமும் கோடுமோ, ஒரு நாய்க்குட்டியோ, எதை எடுத்தாலும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அலுத்துப்போனால் மாற்றிக்கொள்ளலாம்.